கல்லூரி மாணவரும் கைப்பேசி மருத்துவமும்



நம் இல்லத்துப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பெரும்பாலும் வெளியூர் விடுதிக்குச் சென்று விடுகின்றனர். புறப்படும்போது பெட்டியில் பருப்புப்பொடி வைக்கிறோம். பொருள்விளங்கா உருண்டை வைக்கிறோம். குளிர்காலத்துக்குப் போர்வை வைக்கிறோம். உடம்புக்கு ஒன்று என்றால் யாரைக் கேட்க வேண்டும், கேட்டதை எப்படிச் சீர்தூக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. பிள்ளை தன் கையிலுள்ள கைப்பேசியைக் கேட்கிறது. அது ஒருபோதும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதில்லை. இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணம் என் மகள் வயிற்றுப் பேத்திக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். அவளுடைய இசைவைப் பெற்றே எழுதுகிறேன்.

பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவள். 2024ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் அவளுக்குத் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கிற்று. உடன் சோர்வு, மாடி ஏறினால் படபடப்பு. இணையத்தில் தேடினாள். ‘பயோட்டின் குறைபாடு’ என்று பல பக்கங்கள் சொல்லின. பயோட்டின் என்பது பி தொகுதியைச் சேர்ந்த ஓர் உயிர்ச்சத்து. மாத்திரையை இணையவழியே வரவழைத்து, நாளொன்றுக்கு 10,000 மைக்ரோகிராம் வீதம் இரண்டு திங்கள் உண்டாள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமானதென அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர்கள் வகுத்துள்ள அளவு 30 மைக்ரோகிராம். அதில் முந்நூறு மடங்குக்கு மேல் அவள் உண்டிருக்கிறாள். ‘உயிர்ச்சத்துதானே, மருந்தா என்ன’ என்பது அவள் எண்ணம்.

பொங்கல் விடுமுறைக்கு வந்தவளின் வெளிறிய முகத்தைக் கண்டு குருதிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதாக அறிக்கை வந்தது. வீடே கலங்கிற்று. சுரப்பியை அடக்கும் மருந்தைத் தொடங்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. திருமணப் பருவத்துப் பெண்ணுக்கு இப்படி ஆயிற்றே என்று என் மகள் அழுதாள். இரண்டாவதாக ஒரு மருத்துவரிடம் காட்டினோம். வயது முதிர்ந்த அம்மையார். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கைவிரல்களை நீட்டச் சொன்னார், அறிக்கையை மறுபடி பார்த்தார். பின் கேட்டது ஒரே கேள்வி: “ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா?” “இல்லை டாக்டர்” என்றாள் பேத்தி. “விட்டமின், சத்துப்பொடி, முடிக்கு ஏதாவது?” அப்போதுதான் விஷயம் வெளிவந்தது.

இதன் காரணத்தை அவர் விளக்கிய முறையிலேயே சொல்கிறேன். ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் தைராய்டுச் சோதனை செய்யும் இயந்திரம் பயோட்டினையே ஒரு பசை போலப் பயன்படுத்துகிறது. குருதியில் பயோட்டின் மிகுந்திருந்தால் அந்தப் பசை வேலை குழம்பி விடும். அதனால் ஒரு கணக்கு உண்மையைவிடக் குறைவாகவும், மற்றொரு கணக்கு உண்மையைவிட மிகுதியாகவும் வரக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இல்லாத தைராய்டு நோய் இருப்பது போலவே தோன்றும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டு நவம்பரிலேயே இதுபற்றி எச்சரிக்கை விடுத்துள்ளது. மாரடைப்பைக் கண்டறியும் சோதனையிலும் இத்தகைய பிழை நேரலாம் என்று அவ்வெச்சரிக்கை கூறுகிறது.

மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தைராய்டு செம்மையாகவே இருந்தது. உண்மைக் குறை வேறிடத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 9.8, பெண்களுக்கு 12க்குக் குறையலாகாது. உடலின் இரும்புச் சேமிப்பும், பி12 உயிர்ச்சத்தும் தாழ்ந்திருந்தன. கைப்பேசி காட்டிய நோய் ஒன்று, காகிதம் காட்டிய நோய் ஒன்று, உடம்பில் இருந்த நோய் வேறொன்று.

வீடு திரும்பும் வழியில் பேத்தி என்னிடம் மனத்தாங்கலுடன் சொன்னாள்: “நான் சும்மா சாப்பிடவில்லை பாட்டி. நாற்பது பக்கமாவது படித்திருப்பேன்.” அவள் பொய் சொல்லவில்லை. படித்துத்தான் இருக்கிறாள். எனில் குறை எங்கே? ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இக்கேள்வி உறக்கத்தைக் கெடுத்தது.

இணையத்தில் உடல்நலச் செய்தியைத் தேடி, புரிந்து, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறனை ஒரு தனி எழுத்தறிவாகவே அறிஞர்கள் கொள்கின்றனர். கனடா நாட்டு டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேமரன் நார்மன், ஹார்வி ஸ்கின்னர் ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டு இதனை விரித்துரைத்தனர். எழுதப் படிக்கத் தெரிதல், கணினியைக் கையாளுதல், உடல்நலச் சொற்களை அறிதல், அறிவியல் எவ்வாறு முடிவுக்கு வருகிறது என அறிதல், செய்தியைத் தேடி வகைப்படுத்துதல், ஊடகத்தின் நோக்கத்தை உணர்தல் என ஆறு திறன்கள் இதில் கலந்துள்ளன என்பது அவர்கள் கருத்து. இதை அளக்க எட்டு வாசகங்கள் கொண்ட ஓர் அளவுகோலையும் வகுத்து, 13 முதல் 21 வயது வரையிலான 664 இளையோரிடம் சோதித்தனர். பின்னர் உலகெங்கும் பல்கலைக்கழக மாணவரிடையே அவ்வளவுகோலே பெரிதும் கையாளப்பட்டு வருகிறது.

ஆனால் அந்த எட்டு வாசகங்களும் எத்தகையவை? பயனுள்ள செய்தியை எங்கே தேடுவதென எனக்குத் தெரியும், நல்லதையும் அல்லதையும் பிரித்தறிய எனக்கு இயலும் என்பன போன்றவை. மாணவர் ‘ஆம்’, ‘முற்றிலும் ஆம்’ என்று குறிக்க வேண்டும். இங்கே எனக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நினைவுக்கு வந்தது. மாதிரிப் பாடம் நடத்திவிட்டு, “பிள்ளைகளே, புரிந்ததா?” என்று நான் கேட்டேன். “புரிந்தது டீச்சர்” என்று வகுப்பே முழங்கிற்று. பின்வரிசையில் அமர்ந்திருந்த பயிற்சி ஆசிரியை எழுந்து வந்து, ஒரு பையனைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்கைப் போடச் சொன்னார். அவன் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடியே நின்றான். ‘புரிந்ததா என்று கேட்காதே, செய்யச் சொல்லிப் பார்’ என்று அன்று என் பாடக்குறிப்பின் ஓரத்தில் அவர் சிவப்பு மையால் எழுதினார்.

நெதர்லாந்து நாட்டு டுவென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையேதான் செய்து பார்த்தனர். அளவுகோலில் மிகுந்த மதிப்பெண் தமக்குத் தாமே இட்டுக் கொண்டவர்கள், கணினி முன் அமர்த்திப் பணி கொடுத்தபோது மற்றவரைவிடச் சிறப்பாகச் செய்துவிடவில்லை. அவ்வாய்வு 2011ஆம் ஆண்டு வெளியாயிற்று. ‘தெரியும்’ என்னும் நம்பிக்கை வேறு, தெரிந்திருப்பது வேறு. என் பேத்தியிடம் நம்பிக்கை நிறைய இருந்தது.

இதனினும் வியப்புக்குரியது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்னும் இருவர் 2017ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டனர். அவர்கள் 45 பேரைத் தெரிந்தெடுத்தனர். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் 10 பேர். செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் 10 பேர். ஸ்டான்ஃபோர்டின் இளங்கலை மாணவர் 25 பேர். இவர்களுக்கு இரண்டு மருத்துவ அமைப்புகளின் வலைப்பக்கங்கள் காட்டப்பட்டன. ஒன்று, 1930ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். மற்றது, தத்தெடுத்தல் பற்றிய ஒரு கொள்கை வேறுபாட்டால் 2002ஆம் ஆண்டு தோன்றிய, அதனோடு ஒப்பிட மிகச் சிறிய ஒரு குழு. பெயர்கள் இரண்டும் ஏறத்தாழ ஒன்று போலவே ஒலிக்கும். ‘எது நம்பத்தக்கது?’ என்பது வினா.

சரிபார்ப்போர் பதின்மரும் பழைய கழகத்தையே தயங்காது சொன்னார்கள். மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் சிறிய குழுவின் பக்கமே நம்பத்தக்கது என்றனர். படித்த வரலாற்றாசிரியர் சிலரும் தடுமாறினர் என்பதை, பட்டம் பெற்ற நம் வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அறிவின் ஏற்றத்தாழ்வு அன்று. படித்த முறையே காரணம். மாணவர்கள் அந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழாகப் படித்தார்கள். எழுத்து அழகாக இருக்கிறது, விளம்பரம் இல்லை, அடிக்குறிப்புகள் இருக்கின்றன, நிறுவனத்தின் பெயர் கம்பீரமாக இருக்கிறது என்றெல்லாம் காரணம் கூறினர். சரிபார்ப்போரோ சில நொடிகளிலேயே அப்பக்கத்தை விட்டு வெளியேறினர். புதிய சன்னல்களைத் திறந்து, ‘இந்த அமைப்பு யாருடையது, மற்றவர் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்’ என்று தேடினர். தேடியபோதும் முதலில் வந்த விடையை உடனே தொடவில்லை. பட்டியல் முழுவதையும் கண்ணோட்டமிட்டு, எது யாருடையது எனப் பார்த்த பிறகே தொட்டனர். நாமும் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. அவ்வூரில் வேறு நால்வரைக் கேட்கிறோம். அம்முறைதான் இது.

கோடை விடுமுறையில் பேத்தியும் அவள் விடுதித் தோழியர் இருவரும் எங்கள் ஊருக்கு வந்திருந்தனர். பெரியவள் நான் வகுப்பெடுக்கப் போகிறேன் என்றதும் மூவரும் சிரித்தனர், ஆயினும் அமர்ந்தார்கள். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்பது எங்கள் காலத்துப் பயிற்சி. ஆதலால் அவளுக்கே தேவையான பொருளை எடுத்தோம். பி12 உயிர்ச்சத்து விலங்குவழி உணவிலேயே இயற்கையாகக் கிடைப்பது. மரக்கறி உண்போர்க்குப் பால், தயிர், மோர் ஆகியவையே அதன் வாயில். விடுதியில் இவள் பாலை விட்டுவிட்டாள். தோழியருள் ஒருத்தி, ‘ஸ்பைருலினா என்னும் நீர்ப்பாசிப் பொடியில் பி12 ஏராளம், அதுவே போதும்’ என்று படித்திருந்தாள். அதைச் சோதிப்பதே பாடம்.

தேடலில் முதலில் வந்த சிலவற்றின் மேல் ‘விளம்பரம்’ என்னும் பொருள்படச் சிறிய எழுத்தில் குறித்திருந்தது. பெண்கள் அதுவரை அதனைக் கவனித்ததே இல்லையாம். அடுத்தவற்றைப் பார்த்தால், பொடியைப் புகழ்ந்த பக்கங்களின் அடியில் பொடி வாங்கும் பொத்தானும் இருந்தது. “சொல்பவரே விற்பவர்” என்று தோழி தானே சொன்னாள். பின்னர், விற்பனை இல்லாத இடங்களில் தேடச் சொன்னேன். அரசு மருத்துவ நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை ஒரே கருத்தையே கூறின. அப்பாசியில் இருப்பது பெரும்பாலும் பி12 போன்ற தோற்றமுடைய வேறொரு பொருள். மனித உடல் அதனைப் பயன்படுத்திக் கொள்ள இயலாது. போலி பி12 என்றே அதற்குப் பெயர். மூன்று பெண்களும் இதைக் கண்டறிய எடுத்துக்கொண்டது கால்மணி நேரமே.

மூன்றாமவள், “இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே சுருக்கிச் சொல்லிவிடுகிறது பாட்டி, இவ்வளவு தேட வேண்டியதில்லை” என்றாள். அதற்கு ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் காட்டினேன். 2024ஆம் ஆண்டு மே மாதம் கூகிள் நிறுவனத்தின் அத்தகைய சுருக்கம், நாளொன்றுக்கு ஒரு சிறு கல்லையாவது உண்ண வேண்டும் என்று அறிவுரை கூறிற்று. ஒரு நகைச்சுவை ஏடு கேலியாக எழுதியதை அது மெய்யென எடுத்துக் கொண்டது. இக்கருவிகள் நாளுக்கு நாள் செம்மைப்படுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுருக்கத்துக்கு அடியில் மூலம் எது என்று பார்க்கும் வேலை நம்மை விட்டு நீங்கவில்லை.

இடையே ஒன்று. சத்து மாத்திரைகளில் உறை போன்ற குப்பி வடிவில் உள்ளவை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை; ஜெலட்டின் என்பது மாடு முதலியவற்றின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. பேத்தி இரண்டு திங்கள் உண்டதும் அத்தகையதே. அறிந்ததும் அவள் பட்ட வருத்தத்தை இங்கே எழுத விரும்பவில்லை. உணவுப் பொருளாக விற்கப்படுவனவற்றில் பச்சைக் குறியைப் பார்க்கலாம். மருந்தாக விற்கப்படுவனவற்றில் அக்குறியை எதிர்பார்த்திருக்காமல் மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு, தாவரவழி உறை உடையதை வாங்குவது நன்று.

இனிப் பழக்கங்களுக்கு வருவோம். நல்ல செய்தியைக் கண்டறிந்து விட்டால் மட்டும் இரும்புச்சத்து உடலில் ஏறிவிடாது. இவள் குறைபாட்டின் வேர் எங்கே என்று நானும் மகளும் அவளோடு அமர்ந்து ஒரு வார உணவைத் தாளில் எழுதினோம். காலை உணவு நான்கு நாள் இல்லை. மற்ற மூன்று நாளும் சிற்றுண்டியோடு தேநீர். இரவு உணவு பெரும்பாலும் இல்லை. ஏன் என்று கேட்டால் கண்கலங்கினாள். விடுதியில் இரவு உணவு ஏழரை மணிக்கு. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் வீட்டு வழக்கமாதலால் அவள் அதைக் கைவிட விரும்பவில்லை. ஐந்து மணிக்குப் பிஸ்கட்டும் தேநீரும் அருந்திவிட்டுப் படுத்திருக்கிறாள். “விடுதியிலும் நம் பெண் நியமத்தை விடவில்லை” என்று உறவினரிடம் நான் எத்தனை முறை பெருமை பேசியிருக்கிறேன்! ஐந்தரை மணிக்கு அவளுக்குச் சோறு கிடைக்கிறதா என்று ஒருமுறையும் கேட்டேனில்லை. இது கைப்பேசியின் பிழை அன்று, எங்கள் பிழை. விடுதிக் காப்பாளரிடம் பேசியதில், அவளைப் போலவே மேலும் நான்கு மாணவியர் இருப்பது தெரிந்தது. இப்போது ஐவருக்கும் மாலையிலேயே சப்பாத்தியும் பருப்பும் எடுத்து வைக்கின்றனர். கேட்டால் கிடைக்கக்கூடியதாகத்தான் அது இருந்தது.

தேநீர் பற்றி: ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட உணவு நெறிகளில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் காப்பி, தேநீர் அருந்த வேண்டாம் என்கிறது. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், உணவின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. கீரை, பயறு வழியாகவே இரும்பைப் பெறும் நம்மவர்க்கு இது மிகவும் பொருந்தும். மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றின் புளிப்புச்சத்தான உயிர்ச்சத்து சி, அவ்விரும்பை உடல் ஏற்க உதவும். பருப்பில் எலுமிச்சை பிழியும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

அதே நிறுவனம், உடற்பயிற்சிக்கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் தசை வளரப் புரதப்பொடி உண்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. ஆண்பிள்ளைகளைப் பெற்றோர் இதனைக் குறித்துக் கொள்க.

தேநீரை உணவிலிருந்து பிரிப்பது எளிய செயல்தானே என்று எண்ணுவோம். பேத்தி, “எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் பாட்டி” என்று நாட்காட்டியில் வட்டமிட்டாள். “யார் சொன்னது?” என்றேன். கற்ற முறையை அவளே கையாண்டாள். அந்த 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960ஆம் ஆண்டு எழுதிய நூலிலிருந்து பரவியது. நோயாளிகள் தம் புதிய தோற்றத்துக்குப் பழக 21 நாளாவது ஆகிறது என்று அவர் கண்டதே அதன் தொடக்கம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் இதனை அளந்து பார்த்தனர். அவ்வாய்வு 2010ஆம் ஆண்டு அச்சேறிற்று. ஒவ்வொருவரும் உணவு, நீர் அருந்துதல், உடற்பயிற்சி ஆகியவற்றுள் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, அன்றாடம் ஒரே தறுவாயில் செய்தனர். அது தன்னியல்பாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலர்க்கு 18 நாள். சிலர்க்கோ 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கிட்டனர். ஒருநாள் தவறினால் எல்லாம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. இந்தச் செய்தி பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். 22ஆம் நாள் தேநீரைக் கையிலெடுத்தவள், தன்னால் இயலாது என்று விட்டுவிடாமல் 23ஆம் நாள் மீண்டும் தொடங்கினாள்.

பெற்றோர் செய்யத்தக்கது ஒன்று சொல்வேன். பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கவோ, “கண்டதையும் படிக்காதே” என்று கடியவோ வேண்டா. அவ்வாறு செய்தால் மறைத்துப் படிப்பர். தங்களோடு அமர்ந்து ஒரு செய்தியைச் சரிபார்த்துக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நமக்கு வரும் கஷாயக் குறிப்புகளே அதற்குப் போதுமான பாடநூல். நான் அனுப்பிய ஒன்றையும் பேத்தி சென்ற வாரம் தவறென்று காட்டித் திருப்பி அனுப்பினாள். மருத்துவரிடம் செல்லுமுன், உண்ணும் மாத்திரை, பொடி, லேகியம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். பயோட்டின் உண்பவராயின், மருத்துவரைக் கேட்டு, தைராய்டுச் சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னரே நிறுத்த வேண்டும்.

பேத்தியின் ஹீமோகுளோபின் சென்ற முறை பார்த்தபோது 11.4. மருத்துவர் தந்த மாத்திரையோடு, காலையில் அவல் உப்புமாவோ இட்லியோ உண்கிறாள். தேர்வு நாட்களில் மட்டும் சிற்றுண்டியோடு தேநீர் அருந்துவது இன்னும் நிற்கவில்லை என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். அடுத்த சோதனை வரும் ஆவணியில்.